கிப்சனுக்கு யாரும் சலுகை காட்டவில்லை

கேள்வி: பேஸ்பாலின் மிகச் சிறந்த ஹிட்டர் யார் என்று கேட்டால் குழந்தைகூட பேப் ரூத் என்று சொல்லும். ஆனால் 2024-ல் பழைய கணக்கையெல்லாம் திருத்தி, 714 ஹோம் ரன் (வேலி தாண்டும் அடி) அடித்த ரூத்தைக் கீழே தள்ளி, யாரோ ஜோஷ் கிப்சனாம், அவரை முதலிடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒரு சீசனுக்கு ஐம்பது, அறுபது ஆட்டம் ஆடியவரை இப்படித் தூக்கிவிடுவது சலுகை இல்லாமல் வேறென்ன?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: அமெரிக்கக் குழந்தை அப்படிச் சொல்லும். ஜப்பானியக் குழந்தை 868 ஹோம் ரன் அடித்த சதஹாரு ஓவின் பெயரைச் சொல்லும். அது இருக்கட்டும், ரூத்தை முதலில் காப்பாற்றிவிடுவோம். அவருடைய 714-ல் ஒன்றைக்கூட யாரும் பிடுங்கவில்லை. ஹோம் ரன்னில் அவரைத் தாண்டியவர்கள் ஹாங்க் ஆரோனும் (755) பாரி பாண்ட்ஸும் (762). ஆரோன் 1974-லேயே தாண்டிவிட்டார். ஒரு கருப்பர் ரூத்தைத் தாண்டுவதா என்று அவருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் குவிந்தன.

2024-ல் நடந்தது இதுதான்: கருப்பர்களின் நீக்ரோ லீகுகளில் பதிவான கணக்கையும் அமெரிக்காவின் முதல்தரப் போட்டிகளான ‘பெரிய லீகுகளின்’ சாதனைப் பட்டியலில் சேர்த்தார்கள். அதில் கிப்சனின் அதிகாரபூர்வ ஹோம் ரன் கணக்கு 200-கூட இல்லை. அவர் முதலிடம் பிடித்தது பேட்டிங் சராசரியில், அதாவது அடிக்க வந்த தடவைகளில் எத்தனை பங்கு ஹிட் ஆனது என்ற கணக்கில்: 0.372. பத்துக்கு மூன்று ஹிட் அடித்தாலே நட்சத்திரம் என்று கொண்டாடுகிற ஆட்டத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். இதில் இடத்தை இழந்தவரும் ரூத் இல்லை, 0.367 வைத்திருந்த டை காப். அடியின் வலுவை அளக்கும் ஸ்லக்கிங் சராசரியில்தான் ரூத்தின் 0.690-ஐ கிப்சனின் 0.718 முந்தியது.

சரி, ஏன் அவ்வளவு குறைவான ஆட்டங்கள்? பெரிய லீகுகள் கருப்பர்களுக்குக் கதவைச் சாத்தியிருந்தன. அவர்களுக்கென்று இருந்த நீக்ரோ லீகுகளில் லீக் ஆட்டங்கள் கொஞ்சம்தான். மிச்ச நாளெல்லாம் பஸ் ஏறி ஊர் ஊராகப் போய், கிடைத்த அணியோடு காட்சி ஆட்டம் ஆட வேண்டும். அங்கே அடித்தது எதுவும் 2024 கணக்கில் வரவில்லை. எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய 800 ஹோம் ரன் என்று பேஸ்பால் மேதைகளைக் கௌரவிக்கும் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கும் அவருடைய பலகையிலேயே பொறித்திருக்கிறார்கள். சலுகை காட்ட நினைத்தவர்கள் 800-ஐ விட்டுவிட்டு 200-க்கும் குறைவாகவா எழுதுவார்கள்? அப்புறம், கொரோனா வந்த 2020-ல் பெரிய லீகிலேயே ஓர் அணிக்கு 60 ஆட்டம்தான். அந்த வருஷத்துச் சாதனைகளைச் செல்லாது என்று யாரும் சொல்லவில்லையே!

எதிர்த்து ஆடியவர்கள் மட்டமாக இருந்திருப்பார்கள் என்பீர்கள். கருப்பர் லீகின் மகா பிட்சர் (பந்து எறிபவர்) சாச்சல் பெய்ஜின் ஒரு பந்தைக்கூட ரூத் லீக் ஆட்டத்தில் சந்தித்ததில்லை. பெய்ஜைப் பெரிய லீகில் சேர்த்தபோது அவருக்கு வயது 42. சாத்தப்பட்ட கதவுக்கு உள்ளே இருந்த ரூத் போன்றவர்களின் கணக்கும் அரைக் கணக்குதான்.

கிப்சன் ஆடிய ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு வாஷிங்டனின் கிரிஃபித் ஸ்டேடியம் கிடைத்தது, அதன் சொந்த அணியான செனட்டர்ஸ் வெளியூர் போயிருந்த நாட்களில். அங்கே இடப்பக்க வேலி 400 அடிக்கும் மேல். வலக்கை பேட்டருக்குப் பந்து இயல்பாகப் பறக்கும் பக்கம் அதுதான். அதையும் தாண்டி அடித்துவிட்டு, அடுத்த இன்னிங்ஸில் கேட்சராக, நம் விக்கெட் கீப்பர் மாதிரி, குத்துக்காலிட்டு உட்கார்வார். 1947 ஜனவரியில் 35 வயதில் செத்துப்போனார். மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஏப்ரல் 15-ல் அந்தச் சாத்திய கதவைத் தாண்டிய முதல் கருப்பராக ஜாக்கி ராபின்சன் பெரிய லீகில் இறங்கினார். கிப்சனின் கல்லறைக்கு 1975 வரை பெயர்க்கல்கூட இல்லை.

இவ்வளவு சொன்னாலும் என் ஓட்டு கிப்சனுக்கு இல்லை, பெரிய லீக் நட்சத்திரம் டெட் வில்லியம்ஸுக்கு. அவுட் ஆகாமல் எத்தனை தடவை பேஸை எட்டினார் என்று சொல்லும் பேஸ் ஏறும் விகிதத்தில் அவருடைய 0.482-ஐ இன்னும் யாரும் தொடவில்லை. அதுவும் இரண்டு போர்கள் ஏறக்குறைய ஐந்து சீசன்களைத் தின்றபிறகு! 1941-ன் கடைசி நாள் காலையில் அவர் சராசரி 0.39955. ஆடாமல் உட்கார்ந்திருந்தால் 0.400 என்றே எழுதியிருப்பார்கள். மேனேஜரும் அதற்குச் சம்மதம்தான். மனுஷன் அன்றைய இரண்டு ஆட்டத்திலும் இறங்கி, எட்டுக்கு ஆறு அடித்து, 0.406-ல் முடித்தார். கடைசியாக 0.400 தொட்டவர் என்ற அந்தப் பெருமையும் 2024-ல் போயிற்று. ஏனென்றால் 1943-ல், வில்லியம்ஸ் ராணுவத்தில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தபோது, கிப்சனின் சராசரி 0.466.

1966-ல் ஹால் ஆஃப் ஃபேமில் தன்னைச் சேர்த்த மேடையிலேயே, வாய்ப்பு மறுக்கப்பட்ட பெய்ஜுக்கும் கிப்சனுக்கும் இங்கே இடம் வேண்டும் என்று பேசியவர் வில்லியம்ஸ். 1971-ல் பெய்ஜ், 1972-ல் கிப்சன் உள்ளே வந்தார்கள். இது சலுகைதான் என்று நீங்கள் அடம்பிடித்தால், முதல் சிபாரிசு அவருடையது.