டி.டி. ஊசி போட்டாச்சு, காயமும் மூடிடுச்சு, இனி டாக்டரைப் பார்க்கணுமா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: மூன்று நாள் முன்பு ஷூ போட்ட காலில் ஆணி குத்தியது, ஒரு சொட்டு ரத்தம்தான் வந்தது, அன்றே டி.டி. ஊசி போட்டுக்கொண்டார், ஓட்டை மூடிவிட்டது, ஆனால் ஊன்றினால் இன்னும் வலிக்கிறது. டாக்டரிடம் போகத்தான் வேண்டுமா?

போங்கள். இன்றே போங்கள்.

நான் டாக்டர் இல்லை. கட்டடங்களில் வயரிங் வேலை பார்ப்பவன். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் ஒவ்வொரு வரியும் நான் இரண்டு வருடம் முன்பு சொன்ன வார்த்தைகள். அதனால்தான் படித்ததும் கடந்துபோக முடியவில்லை.

அன்று மேல்தளத்தில் சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் போடும்போது தாங்க அடிக்கும் பலகைகளை, பிரித்துப் போட்டிருந்தார்கள். நான் கம்பிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். வலது காலில் சுருக்கென்றது. காலைத் தூக்கினால் பலகையும் சேர்ந்து வந்தது. கூட இருந்த தம்பி பலகையை மிதித்துப் பிடித்துக்கொள்ள, நான் காலை உருவினேன். ஷூவைக் கழற்றிப் பார்த்தால் சாக்ஸில் ஒரு பொட்டு அளவுக்கு ரத்தம். அவ்வளவுதான். குழாயில் காலை அரை நிமிடம் காட்டினேன், பிளாஸ்டர் ஒட்டினேன், மறுபடியும் அதே ஷூவை மாட்டிக்கொண்டு வேலையை முடித்தேன். சாயங்காலம் போய் ஊசி போட்டுக்கொண்டேன். போட்டவர் கையைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. நானும் காட்டவில்லை. ஊசி போட்டாச்சு, கடமை முடிந்தது என்று இரண்டு பேருக்குமே நினைப்பு.

மூன்றாம் நாள் வலி நன்றாகக் குறைந்தது. ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. ஐந்தாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் காலை ஊன்றியபோது விண்ணென்று தெறித்தது. வீட்டில் எப்போதோ வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாடிக் பாதிப் பட்டை இருந்தது. அதை இரண்டு நாள் விழுங்கினேன். வலி கொஞ்சம் மட்டுப்பட்ட மாதிரி இருந்தது. ஏழாம் நாள் என் மனைவிதான் கவனித்தாள். "ஏங்க, குத்தினது கீழே, வீக்கம் மேலே இருக்கே" என்றாள். குனிந்து பார்த்தேன். பாதத்தின் மேல்பக்கம் தோல் இழுத்துக்கொண்டு பளபளவென்று இருந்தது. செருப்பு வார் அழுந்திய தடம் பள்ளமாக அப்படியே நின்றது. உள்ளங்கால் தோல் தடிமன், அதனால் உள்ளே சீழ் கட்டினாலும் வீக்கம் மேல்பக்கத்தில்தான் முதலில் தெரியும் என்று பிறகு டாக்டர் அம்மா சொன்னார்கள்.

அவர்கள் கேட்ட முதல் கேள்வி, "குத்தும்போது கால்ல என்ன போட்டிருந்தீங்க?"

"ஷூ மேடம்."

"அந்த ஷூ எங்கே?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மனைவி வீட்டுக்குப் போய் எடுத்துவந்தாள். டாக்டர் உள்ளே இருந்த மெத்தையை உருவி, ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் பிடித்தார்கள். ஆணி போன இடத்தில் ரப்பர் பிளந்து மட்டும்தான் இருக்க வேண்டும். ஆனால் அங்கே ஒரு துண்டையே காணோம். பென்சில் முனை அளவுக்கு ஒரு வட்டம், அதன் வழியாக வெளிச்சம் வந்தது. "இங்கே இல்லாதது உங்க காலுக்குள்ள இருக்கு" என்றார்கள்.

எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. அதைப் பார்த்து நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், கண்ணாடியும் பெரும்பாலும் தெரியும். மரச்சிராய், முள், ரப்பர், துணி இதெல்லாம் தெரியாது என்று சொல்லி ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். ஸ்கேனில் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்கி, உப்பு நீரைப் பீய்ச்சிப் பீய்ச்சிக் கழுவினார்கள். கறுப்பாக ஒரு ரப்பர் துணுக்கு வந்தது. அதைச் சுற்றிச் சாக்ஸ் நூல் இரண்டு இழை. அதன் பின்னால் சீழ். ஏழு நாள் அதைத்தான் மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

தையல் போடவில்லை. குத்துக்காயத்தைப் பொதுவாகத் தைத்து மூட மாட்டார்களாம், அடியிலிருந்து ஆறி மேலே வர வேண்டும். சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். சூடோமோனாஸ் என்ற கிருமி வந்தது. ஷூவின் உள்மெத்தையில் வியர்வை ஈரத்தில் சௌகரியமாக இருக்கும் கிருமி அது. ஆணி அதை நேராக உள்ளே கொண்டுபோய்விடுகிறது. சாதாரணமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாடிக்குகள் அதை ஒன்றும் செய்யாது. நான் விழுங்கிய மாத்திரையும் அந்த ரகம்தான். நல்ல வேளை, எலும்புக்குப் போகவில்லை. ஆனால் அதை உறுதி செய்ய இரண்டு வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுக்க வேண்டியிருந்தது, ஏனென்றால் எலும்பில் கிருமி பிடித்தாலும் முதல் பத்துப் பதினான்கு நாள் படத்தில் தெரியாமல் இருக்கலாம். அந்த இரண்டு வாரமும் எனக்குத் தூக்கம் இல்லை.

இப்போது ஊசி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்களும் என்னைப் போலவே அதை நம்பி இருக்கிறீர்கள். டி.டி. ஊசி வேண்டாதது என்று நான் சொல்லவே இல்லை. கட்டாயம் வேண்டும். ஆனால் அது ஆணிக் காயத்துக்கு மருந்து இல்லை. டெட்டனஸ், அதாவது ரண ஜன்னி என்ற ஒரு நோயைத் தடுக்கும். சீழ் பிடிப்பதை அது தடுக்காது, உள்ளே மாட்டிய துணுக்கை அது எடுக்காது. கடைசியாகப் போட்டு பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் எந்தக் காயத்துக்கும், மண், சாணம், அழுக்கு பட்ட காயம் அல்லது ஆழமான குத்து என்றால் ஐந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தாலே, மறுபடி போட வேண்டும். சின்ன வயதில் முழுசாகப் போட்டோமா என்றே தெரியாவிட்டால் அதைச் சொல்லிவிடுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இம்யூனோகுளோபுலின் என்று இன்னொரு ஊசியும் சேர்த்துத் தேவைப்படலாம்.

துருப்பிடித்த ஆணிதான் ஆபத்து, புது ஆணி பரவாயில்லை என்பதும் தவறு. டெட்டனஸ் கிருமி மண்ணிலும் புழுதியிலும் விலங்குகளின் சாணத்திலும் இருப்பது. துரு அதை உண்டாக்குவதில்லை. பளபளக்கும் புது ஆணியில் மண் ஒட்டியிருந்தாலும் கதை ஒன்றுதான். இந்தக் கிருமிக்குக் காற்று ஆகாது. 1889-இல் கிடசாட்டோ என்ற ஜப்பானிய ஆய்வாளர் இதைத் தனியாகப் பிரித்தபோது, ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வைத்துத்தான் வளர்த்தார். வாய் சின்னதாக, ஆழமாக, மேலே மூடிக்கொண்ட ஓட்டை அதற்கு ஏற்ற வீடு. வெட்டுக்காயத்தில் ரத்தம் வழிந்து அழுக்கை வெளியே தள்ளும், பார்ப்பவனும் பயந்து மருத்துவமனைக்கு ஓடுவான். குத்துக்காயத்தில் இரண்டுமே நடப்பதில்லை.

குத்தியவுடன் என்ன செய்திருக்க வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன், அடுத்தவருக்காவது உதவும். முதலில் கையைக் கழுவ வேண்டும். ரத்தம் வந்தால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். அப்புறம் ஓடும் தண்ணீரில் ஐந்து முதல் பத்து நிமிடம் கழுவ வேண்டும், என் அரை நிமிடம் போல இல்லை. சுற்றியுள்ள தோலுக்கு சோப்பு போடலாம். மேலாக ஒட்டிய தூசி, சிராயைச் சுத்தமான இடுக்கியால் எடுக்கலாம். ஆழத்தில் இருப்பதை ஊசியால் கிளறக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவது, கிடைத்த பொடியை அப்பி அடைப்பது, பசை வைத்து மூடுவது எதுவும் வேண்டாம். லேசாக மூடி, தினமும் கட்டு மாற்றி, தினமும் பார்க்க வேண்டும். இரண்டு நாள் கழித்து வலி குறையாமல் இருந்தால், அல்லது குறைந்து திரும்பி வந்தால், சிவப்பு பரவினால், சிவந்த கோடு மேலே ஏறினால், சீழ், காய்ச்சல் வந்தால் காத்திருக்கக் கூடாது. தாடை இறுகினாலோ வாய் திறக்கச் சிரமமாக இருந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. டெட்டனஸ் குத்திய அன்றே தெரியாது; பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும்.

இன்னும் சில காயங்களுக்கு இரண்டு நாள் பார்க்கும் பேச்சே இல்லை. அழுத்திப் பிடித்தும் பத்து நிமிடத்தில் ரத்தம் நிற்காதது, மார்பு, வயிறு, கழுத்து, கண், மூட்டு இந்த இடங்களில் குத்தியது, விரல் மரத்துப்போனது அல்லது மடக்க முடியாதது. ஆழமாகச் செருகியது உள்ளேயே நின்றால் பிடுங்கவே கூடாது, அசையாமல் கட்டிக்கொண்டு போக வேண்டும். நாய், பூனை கடித்தால் சோப்புத் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ரேபீஸ் ஊசிக்கு ஓட வேண்டும். அப்புறம் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்று: பெயின்ட் பீய்ச்சும் துப்பாக்கியோ கிரீஸ் துப்பாக்கியோ விரலில் பட்டு ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தால், வலி இல்லாவிட்டாலும் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். அந்த அழுத்தத்தில் பெயின்ட் விரலுக்குள் வெகுதூரம் போயிருக்கும். சில மணி நேரத் தாமதம் விரலையே எடுக்க வைக்கும்.

உங்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இவ்வளவு படித்ததே நேர விரயம், கிளம்புங்கள். காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு வலிகூட எச்சரிக்காது.

"நூறு ஆணி குத்தியிருக்கு, எனக்கு ஒண்ணும் ஆகல" என்று இங்கே யாராவது எழுதுவார்கள். உண்மைதான். பெரும்பாலான ஆணிக் காயங்கள் தானாக ஆறிவிடும், அதை நான் மறுக்கவில்லை. எல்லோரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஷூ வழியாகப் போனது, மூன்று நாளாகியும் ஊன்றினால் வலிப்பது, இந்த இரண்டும் சேர்ந்த காயத்தைப் பற்றித்தான் பேசுகிறேன்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், மனசில் கிடக்கிறது. நான் படுத்திருந்த நாட்களுக்குச் சம்பளம் பிடித்தார்கள். மேஸ்திரி எல்லோர் முன்னாலும், "ஆணி குத்தினதுக்கெல்லாம் லீவா, கால்ல ஒரு கட்டுகூடக் காணோமே" என்றார். ரத்தம் சொட்டினால்தான் காயம், கட்டுப் போட்டால்தான் நோயாளி. அந்தப் பலகையில் ஏழு ஆணிகள் முனை மேலே நீட்டியபடி இருந்தன. பிரிக்கும்போதே சுத்தியலால் ஒரு தட்டு தட்டி மடக்கிவிட்டால் ஒரு ஆணிக்கு இரண்டு விநாடி ஆகும். அந்தப் பதினாலு விநாடி யாருக்கும் இல்லை. நான் திரும்ப வேலைக்குப் போன அன்றும் அதே மூலையில் பலகைகள் அப்படியே கிடந்தன. நானே உட்கார்ந்து மடக்கினேன். இப்போதும் எந்தத் தளத்துக்குப் போனாலும் முதல் அரை மணி நேரம் அதுதான் என் வேலை. கூட வரும் பையன்களையும் செய்ய வைக்கிறேன்.

சரி, உங்கள் விஷயம். குத்தியபோது போட்டிருந்த ஷூவைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன். உள்மெத்தையை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சின்னத் துண்டு குறைந்தாலும் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். குறையாவிட்டாலும் போங்கள். சாக்ஸ் நூல் உள்ளே போயிருந்தால் இப்படிப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. டாக்டரிடம் "டி.டி. போட்டாச்சு" என்பதற்கு முன்னால் "ஷூ வழியாகக் குத்தியது, ஊன்றினால் இன்னும் வலிக்கிறது" என்று சொல்லுங்கள்.