கார் கேள்வி–பதில்: மெர்சிடிஸ் 6.3-ஆ, லோட்டஸ் கார்ல்டனா?

கேள்வி: 1968-ல் வந்த மெர்சிடிஸ் 300 எஸ்.இ.எல். 6.3, 1990-ல் வந்த லோட்டஸ் கார்ல்டன். இரண்டுமே சாதாரண நாலு கதவு காருக்குள் பெரிய இன்ஜினைத் திணித்தவைதானே? எது உசத்தி?

பதில்: திணித்தது மெர்சிடிஸ் மட்டும்தான். எரிக் வாக்ஸன்பெர்கர் என்ற இன்ஜினீயர், மெர்சிடிஸின் 600 லிமோசினில் இருந்த 6.3 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜினை எடுத்து இந்தக் காரில் இறக்கினார். லோட்டஸோ, ஜெர்மனியில் தயாரான ஓப்பல் ஒமேகாவை (பிரிட்டனில் இதன் பெயர் வாக்ஸ்ஹால் கார்ல்டன்) இங்கிலாந்தின் ஹெத்தலில் உள்ள தன் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்து பிரித்து, அதன் 3 லிட்டர் இன்ஜினை 3.6 ஆக்கி, இரண்டு காரெட் டர்போ பூட்டியது.

குதிரைத்திறன் மெர்சிடிஸில் 250, லோட்டஸில் 377. ஆனால் டார்க்கை (இன்ஜினின் சுழற்று விசையை) பாருங்கள்: மெர்சிடிஸ் நிமிடத்துக்கு 2,800 சுற்றிலேயே 500 நியூட்டன் மீட்டரைக் கொடுத்துவிடும், லோட்டஸின் 568, 4,200 சுற்றில்தான். அந்த வி8-ஐ விரட்டவே வேண்டாம், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸும் அதற்குப் பொருத்தம். வளைவும் வேகமும் பிடிக்கும் என்றால் ஆறு கியர் மேனுவல் லோட்டஸ்தான், சந்தேகமே இல்லை. மணிக்கு 280 கிலோமீட்டரைத் தாண்டும்.

கேள்வி: பழைய காராக வாங்கும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: மெர்சிடிஸில் முதலில் ஏர் சஸ்பென்ஷன், அதாவது காரைக் காற்றில் தாங்கும் அமைப்பு. இரவு சமதரையில் நிறுத்திவிட்டு, காலையில் நான்கு சக்கர வளைவுகளின் உயரத்தையும் டேப் வைத்து அளங்கள். ஒரு மூலை இறங்கியிருந்தால், ரப்பர் பெல்லோஸிலும் (காற்றுப் பைகள்) குழாய் இணைப்புகளிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். நுரை பொங்கும் இடத்தில்தான் கசிவு. இன்ஜினை ஓடவிட்டும் கார் எழவில்லையா? கம்ப்ரஸரையும், உயரத்தைச் சீர்செய்யும் வால்வுகளையும் பாருங்கள். காற்றோடு போகும் ஈரம் வால்வுகளை அரித்துவிடும். ஸ்டாண்டு வைக்காமல் அடியில் படுக்கவே கூடாது. காற்று இறங்கினால் வண்டி மேலே உட்கார்ந்துவிடும்.

அடுத்து பெட்ரோல் இஞ்ஜெக்‌ஷன் பம்ப். எட்டு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தள்ள தனித்தனி பிளஞ்சர் (உந்து தண்டு). மாதக்கணக்கில் ஓடாமல் நின்றால் பெட்ரோல் பிசினாகி பிளஞ்சர் ஒட்டிக்கொள்ளும், அந்த சிலிண்டர் மட்டும் வேலை செய்யாது. இந்தக் காருக்கு ஓட்டத்தைவிட ஓய்வுதான் ஆபத்து.

லோட்டஸில் டைமிங் செயின், அதாவது இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்க உதவும் சங்கிலி. ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து முன்பக்கம் காது கொடுங்கள். ஆயில் பிரஷர் ஏறிய பிறகும் கடகடவென்று சத்தம் வந்தால் செயின் தளர்ந்திருக்கிறது. அதை மாற்றப் பெரும்பாலும் இன்ஜினையே வெளியே எடுக்க நேரும், அந்தக் கூலியை விலையில் கழித்துப் பேசுங்கள். அகலமான சக்கர வளைவுகளுக்குப் பின்னால் சேறு தங்கித் துரு பிடிக்கும். டார்ச் அடித்து உள்ளே பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: உதிரி பாகம் எதற்குச் சுலபம்?

பதில்: மெர்சிடிஸுக்கு. 6,526 கார்கள் தயாராயின; பழைய கார்களுக்கென்றே ஜெர்மனியின் ஃபெல்பாக்கில் நிறுவனத்தின் கிளாசிக் சென்டர் இருக்கிறது. லோட்டஸ் மொத்தமே 950. ஓப்பலோடு பொதுவான பாகங்களைத் தேடிப் பிடிக்கலாம். லோட்டஸுக்கென்றே செய்த பாடி பாகம் உடைந்தால் சிரமம்தான். அதனால் பாடி பாகங்கள் முழுசாக உள்ள காரையே தேடுங்கள், இன்ஜின் வேலை இருந்தாலும் பரவாயில்லை.