ஆப் அப்டேட் ஆகும்போது மட்டும் போன் உறையுது, 64 ஜிபி ஈஎம்எம்சி ஸ்டோரேஜ்ல 61 ஃபுல், 6 ஜிபி ரேம் பத்தலையா?
ரேமுக்காக போன் மாத்த வேணாம், பிரச்சனை ஸ்டோரேஜ்ல. 64ல 61 ஜிபி ஃபுல்னு நீங்களே எழுதியிருக்கீங்க, அதுவும் ஈஎம்எம்சி டைப், அதாவது ஸ்டோரேஜ் சிப்ல பழைய, ஸ்லோவான வகை.

ஈஎம்எம்சில படிக்கிறதும் எழுதுறதும் ஒரே நேரத்துல நடக்காது (அதைவிட வேகமான யூஎஃப்எஸ் வகைல நடக்கும்), அதனால பிளே ஸ்டோர் பின்னாடி அப்டேட்டை எழுதிட்டிருக்கறப்ப நீங்க வாட்ஸ்அப்பைத் தொட்டா அது வரிசைல நிக்குது. இடம் வேற இல்லேன்னா இன்னும் மோசம், ஏன்னா போன் ஸ்டோரேஜ்ல இருக்குற ஃபிளாஷ் மெமரில பழசு மேல நேரா எழுத முடியாது, காலி பிளாக் இல்லேன்னா உள்ள இருக்குறத வேற பக்கம் நகர்த்தி, பிளாக்கை முழுசா அழிச்சு, அப்புறம்தான் எழுதும். ஸ்க்ரீன் உறையறது பெரும்பாலும் அந்த நேரம்தான்.

1. 12, 15 ஜிபியாவது காலி பண்ணுங்க. கேலரி டிராஷையும் சேர்த்து, இல்லேன்னா இடம் வராது.

2. ராத்திரி சார்ஜ்ல போட்டுத் தொடாம விடுங்க. போன் சும்மா இருக்கறப்பதான் ஆண்ட்ராய்டு டிரிம் ஓட்டும், எந்த டேட்டா இனி வேணாம்னு மெமரிக்கு சொல்றது அதுதான். 2013ல 4.3 வெர்ஷன்ல இருந்தே இது இருக்கு.

3. விர்ச்சுவல் ரேம் (ஸ்டோரேஜ்ல கொஞ்சத்தை ரேம் மாதிரி யூஸ் பண்ற வசதி) ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, அதுவும் இதே ஸ்டோரேஜைத்தான் தின்னுது.

காரணம் இதுதானான்னு பாக்க, ஆட்டோ அப்டேட்டை ரெண்டு நாள் நிறுத்திப் பாருங்க, உறையறது நின்னா பெரும்பாலும் இதேதான்.

இடம் விட்டும் உறைஞ்சா ஸ்டோரேஜ் சிப் தேஞ்சிருக்கலாம், இல்ல போன் சூடாகுதான்னும் பாருங்க. ரீசெட் அடிக்கறதுக்கு முன்னாடி தயவுசெஞ்சு பேக்கப் எடுத்துடுங்க. இடம் வேணும்னு ஆப்பை எஸ்டி கார்டுக்கு மாத்தாதீங்க, அது இன்னும் ஸ்லோ, போட்டோ வீடியோவுக்குத்தான் சரி.