கடற்கரைச் சைக்கிளும் கரகரக்கும் பெடலும்: கேள்வி பதில்

பழைய சைக்கிள் பெடலை வீட்டிலேயே பிரித்து கிரீஸ் வைப்பது பற்றி நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறேன். எனக்குக் கடை கிடையாது. சொந்த சைக்கிளை நானே பிரித்துப் பூட்டிப் பழகிய அனுபவம்தான்.

தங்கச்சிமடத்திலிருந்து: அண்ணே, மிதிக்கும்போது கரகரன்னு சத்தம். பெடலா, நடு அச்சா, எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓட்டிக்கொண்டே ஒரு காலை எடுத்துவிட்டு மறு காலால் மட்டும் மிதியுங்கள். எந்தக் காலுக்குச் சத்தம் வருகிறதோ அந்தப் பெடல்மேல் சந்தேகம். அப்புறம் இறங்கி, பெடலைக் கையால் சுற்றுங்கள். மணல் அரைவது விரலுக்கே தெரியும். மேலும் கீழும் ஆட்டினால் 'டக்டக்' என்று ஆடுகிறதா? கோன், அதாவது உள்ளே குண்டுகளை அழுத்திப் பிடிக்கும் கூம்பு நட்டு, தளர்ந்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் நடு அச்சையும், கிராங்கை (பெடல் மாட்டியிருக்கும் இரும்புக் கை) அதோடு பிடித்துவைக்கும் காட்டர் பின்னையும் பாருங்கள்.

பாம்பனிலிருந்து: இடது பெடல் கழலவே மாட்டேங்குது. எவ்வளவு முறுக்கினாலும் இறுகத்தான் செய்யுது.

இறுக்கிக்கொண்டுதான் இருக்கிறீர்கள் தம்பி. இடது பெடலுக்கு மரை தலைகீழ். நானும் பள்ளிக்கூட வயசில் இதே வேலையைச் செய்து, ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி ஏறி நின்று, கிராங்க் மரையையே அழித்திருக்கிறேன். வீட்டில் வாங்கியது தனிக் கதை.

வலம் இடம் என்று குழம்ப வேண்டாம். ஸ்பேனரைப் பெடல் அச்சில் நேராக மேல்நோக்கி நிற்கும்படி மாட்டி, பின்சக்கரத்தைப் பார்த்து இழுங்கள். இரண்டு பக்கமும் அதுதான் கழலும் திசை. பெரும்பாலும் 15 நம்பர் ஸ்பேனர் சேரும்.

ஏன் இப்படி வைத்தார்கள்? ஒரு பென்சிலை முஷ்டியில் தளர்வாகப் பிடித்து, வெளியே நீட்டியிருக்கும் முனையை வட்டமாகச் சுற்றிப் பாருங்கள். பென்சில் உள்ளே எதிர்த்திசையில் உருளும். மிதிக்கும்போது பெடல் அச்சுக்கும் அதே கதிதான். இடது பக்கமும் சாதாரண மரை வைத்தால், ஓட்ட ஓட்டத் தானாகவே கழன்றுவிடும்.

கீழக்கரையிலிருந்து: வாப்பாவோட பழைய சைக்கிள், இரும்புப் பெடல். உள்ளே எப்படித் திறக்கிறது, பால்ரஸ் சிதறாதா?

சிதறும். அதனால் முதலில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்து அதற்குமேல்தான் வேலை. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கையில் இருந்தால் இன்னும் நிம்மதி.

வெளிமுனை மூடியை நெம்பி எடுங்கள். உள்ளே லாக் நட், அதற்கடியில் சின்ன நாக்கு வைத்த வாஷர், அதற்கும் அடியில் கோன். இவற்றுக்கு இரண்டு பெடலிலும் சாதாரண மரைதான், பயப்பட வேண்டாம். கோனைக் கழற்றி அச்சை மெதுவாக இழுத்தால் இரண்டு முனையிலிருந்தும் குண்டுகள் விழும். ஒரு பெடலின் குண்டை மறு பெடலோடு கலக்காதீர்கள். முனைக்கு எத்தனை என்று எண்ணி எழுதிவையுங்கள்.

எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தபின் கோனையும், குண்டுகள் உட்காரும் கிண்ணமான கப்பையும் வெயிலில் பிடித்துப் பாருங்கள். குண்டு ஓடும் தடம் பளபளவென்று ஒரே கோடாக இருந்தால் நல்லது. பல்லில் சொத்தை மாதிரிக் குழிகள் தெரிந்தால் எந்த கிரீஸும் காப்பாற்றாது. நம் ஊரில் முக்கால்வாசிப் பெடல் போவது இந்தச் சொத்தையால்தான். உப்பு ஈரம் உள்ளே நின்று துரு ஏறி, அந்தத் துருவே அரத்தூள் மாதிரி அரைக்கும்.

பூட்டும்போது கப்பில் தாராளமாக கிரீஸ் அப்பி, அதில் குண்டுகளை ஒட்டவையுங்கள். முதலில் கிராங்க் பக்கத்துக் கப், பிறகு அச்சைச் சொருகி, அதைக் கீழே நழுவ விடாமல் பிடித்துக்கொண்டே வெளிப்பக்கம். கோனைக் கையால் முட்டும்வரை திருகிக் கால் சுற்றுப் பின்னால் விடுங்கள். லாக் நட்டை இறுக்கும்போது கோனும் சேர்ந்து நகர்ந்துவிடும். அதனால் ஒரே தடவையில் சரியாக அமையாது. எனக்கே மூன்று நான்கு தடவை ஆகும். ஆட்டமும் இருக்கக் கூடாது, சுற்றும்போது பிடிப்பும் இருக்கக் கூடாது.

மண்டபத்திலிருந்து: படகு இன்ஜினுக்கு வச்சிருக்கிற கிரீஸைப் போடலாமா?

தண்ணீருக்குக் கரையாத கிரீஸ் என்றால் தாராளமாகப் போடலாம். கடல் வேலைக்கென்று வரும் கிரீஸ் இங்கே நல்ல தேர்வு. கடையில் கிடைக்கும் சாதாரண லித்தியம் கிரீஸும் போதும். பழைய கிரீஸை முழுவதும் வழித்துவிட்டுப் புதிதை வையுங்கள், வகை தெரியாமல் கலக்க வேண்டாம்.

ஏர்வாடியிலிருந்து: தேங்காய் எண்ணெய்?

தலைக்கு.

தொண்டியிலிருந்து: இரண்டு குண்டு தொலைஞ்சு போச்சு. மிச்சத்தை வச்சே பூட்டிடலாமா?

வேண்டாம். பெரும்பாலும் 5/32 அங்குலக் குண்டு, கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். ஒன்றைக் கடைக்குக் கொண்டுபோய் அளவு சேர்த்து, மொத்தச் செட்டையும் புதிதாகப் போடுங்கள். தேய்ந்ததும் புதியதும் கலந்தால் சுமை முழுக்கப் புதுக் குண்டுகள்மேல் விழும். கப்பில் அடுக்கியபின் ஒரு குண்டுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி இருக்க வேண்டும்.

தேவிபட்டினத்திலிருந்து: நான் சைக்கிளில் மீன் கொண்டுபோறேன். எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை செய்யணும் அண்ணே?

ஐஸ் தண்ணீரும் மீன் தண்ணீரும் பெடலில் சொட்டுகிற வண்டி அக்கா இது. வருஷத்துக்கு இரண்டு தடவை செய்யுங்கள்: ஐப்பசி மழைக்கு முன் ஒன்று, மழை விட்டபின் ஒன்று. அதைவிட முக்கியம், தினமும் நல்ல தண்ணீரில் துணி நனைத்துத் துடைப்பது. குழாயைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், உப்பு உள்ளேதான் போகும். வெளிமூடி தொலைந்திருந்தால் அன்றைக்கே வேறு மூடி போடுங்கள். கச்சான் காற்றில் பறக்கிற மணலுக்கு அந்த ஓட்டை போதும்.

ராமேஸ்வரத்திலிருந்து: பேரனோட புது சைக்கிள், பிளாஸ்டிக் பெடல். மூடியே இல்லை. அதையும் பிரிக்கலாமா?

திறக்க வழியில்லாமல் ஒட்டி வருகிறவை உண்டு. அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம், தேய்ந்தால் மாற்றிவிடுங்கள் ஐயா.

மறுபடி பாம்பன்: அண்ணே, நீங்க சொன்ன திசையில இழுத்தும் அசையலை. துரு பிடிச்சு ஒட்டிக்கிச்சு.

மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். அப்படியும் வரவில்லையா, விட்டுத்தள்ளுங்கள். பெடலைக் கிராங்கிலிருந்து கழற்றாமலே வேலையை முடிக்கலாம். வெளிமூடி, லாக் நட், கோன் மூன்றையும் எடுத்தால் பெடல் மட்டும் உருவிக்கொண்டு வரும், அச்சு கிராங்கிலேயே நிற்கும். சைக்கிளை அந்தப் பக்கம் மேலே இருக்கும்படி படுக்கவைத்துச் செய்யுங்கள், வெளிப்பக்கக் குண்டு கீழே விழாது. கிராங்க் பக்கத்துக் குண்டு விழலாம், அடியில் தட்டு இருக்கட்டும்.