பள்ளிக்கூடக் கடன் யார் தலையில்? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வரலாம் என்று சான் டியேகோ போயிருந்தேன். அவனுக்கு வந்த சொத்து வரிச் சீட்டில் பள்ளிக்கூடக் கடனுக்கென்று தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். அரசுப் பள்ளிதானே, கலிஃபோர்னியா அரசாங்கம் கட்டடம் கட்டித் தராதா? (திருநெல்வேலி வாசகி)

பதில்: நம் ஊர் வழக்கத்தை வைத்துப் பார்த்தால் குழப்பம்தான் வரும். அங்கே 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்பது கலெக்டர் ஆபீஸில் ஒரு பிரிவு இல்லை, தனி உள்ளாட்சி. தேர்தலில் ஜெயித்து வந்த போர்டு உண்டு. கட்டடம் வேண்டுமென்றால் அந்த போர்டு ஊர் மக்களிடம் ஓட்டுக் கேட்கும், அவர்கள் சரி என்றால் தன் பெயரிலேயே கடன் பத்திரம் வெளியிடும், அசலும் வட்டியும் அந்த எல்லைக்குள் வீடு நிலம் வைத்திருப்பவர்களின் சொத்து வரியில் வந்து ஏறும். உங்கள் மகன் கட்டுவது அதைத்தான்.

1978-ல் மக்கள் ஓட்டில் வந்த ப்ரொபசிஷன் 13 என்ற சட்டம் சொத்து வரியைச் சொத்து மதிப்பில் 1 சதவீதத்தில் நிறுத்திவிட்டது. கடனை அடைக்க அதற்கு மேல் வரி ஏற்ற முடியாததால், அப்புறம் சில வருஷம் இந்தக் கடன்களுக்கு வழியே இல்லை. 1986-ல், மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு கிடைத்தால் வாங்கலாம் என்று கதவைத் திறந்தார்கள். 2000-ல் 55 சதவீதம் போதும் என்றானது.

மாநிலம் ஒன்றும் தராமல் இல்லை. 1998-ல் தொடங்கிய திட்டத்தில் இப்போது மாநிலம் தருவது, புதுக் கட்டடத்துக்குப் பாதிச் செலவு, பழையதைப் புதுப்பிக்க 60 சதவீதம். ஆனால் அந்தப் பங்கும் பெரும்பாலும் மாநிலம் கடன் வாங்கித் தருவதுதான்! 2024 நவம்பரில் 1,000 கோடி டாலர் கடனுக்கு மக்கள் ஒப்புதல் கொடுத்தார்கள், அதில் 850 கோடி பள்ளிகளுக்கு, மீதி சமுதாயக் கல்லூரிகளுக்கு. இதை அடைக்க வருஷத்துக்குச் சுமார் 50 கோடி டாலர், 35 வருஷம் ஆகும் என்று சட்டமன்றத்தின் ஆய்வு அலுவலகமே கணக்குச் சொன்னது. ஆக உங்கள் மகன் ஒரே பள்ளிக்கூடத்துக்கு ஒரு கையால் சொத்து வரியும் மறு கையால் வருமான வரியும் கொடுக்கிறார்.

கேள்வி: பாதியை ஊரே போட வேண்டும் என்றால் ஏழை ஊர் என்ன செய்யும்? (சேலம் வாசகர்)

பதில்: அங்கேதான் இடிக்கிறது. ஒரு டிஸ்ட்ரிக்ட் எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு உச்சவரம்பு இருக்கிறது, தொடக்கப்பள்ளி முதல் மேல்நிலை வரை சேர்ந்திருந்தால் அந்த எல்லைக்குள் உள்ள சொத்துகளின் மதிப்பில் 2.5 சதவீதம். மொத்தச் சொத்தே 20 கோடி டாலர் என்றால் 50 லட்சம் டாலர்தான் வாங்க முடியும், அதில் ஒரு பள்ளிக்கூடம்கூட உருப்படியாக எழும்பாது. வசதியான கடற்கரை ஊர் தன் பாதியைச் சட்டென்று காட்டி மாநிலத்தின் பாதியையும் முதலில் வாங்கிக்கொண்டு போய்விடும், ஏனென்றால் முந்தி வந்தவருக்கு முந்தி என்பதுதான் முறையாக இருந்தது. அன்றாடச் செலவில் ஏழை பணக்கார வித்தியாசம் கூடாது என்று 1971-லேயே மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்டடத்துக்கு அந்த நியாயம் இன்னும் வந்து சேரவில்லை. கஷ்டப்படும் ஊர்களுக்கு முழுத் தொகையும் தர ஒரு ஏற்பாடு உண்டு, 2024 சட்டம் அதைக் கொஞ்சம் தாராளமாக்கி, ஏழை டிஸ்ட்ரிக்டுகளுக்கு மாநிலப் பங்கை 5 சதவீதம் வரை கூட்டியும் இருக்கிறது. ஐந்து சதவீதம்! என்னைக் கேட்டால் யானைப் பசிக்குச் சோளப்பொரி.

கேள்வி: ஏதோ ஒரு ஊரில் பத்து மடங்கு திருப்பிக் கட்டுகிறார்களாமே, உண்மையா? (கோவை வாசகர்)

பதில்: கிட்டத்தட்ட உண்மை. ஊர் பேர் பவே, மேலே எழுதிய வாசகியின் மகன் இருக்கிற சான் டியேகோ கவுண்டியில்தான் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி). 2011-ல் அந்த டிஸ்ட்ரிக்ட் வாங்கியது 10.5 கோடி டாலர், 2051-க்குள் திருப்பித் தர வேண்டியது சுமார் 98 கோடி. முதல் இருபது வருஷம் ஒரு பைசா கட்ட வேண்டாம், வட்டிக்கு வட்டி மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும், நடுவில் பணம் கிடைத்தாலும் முன்கூட்டி அடைக்க வழியில்லை. ஏன் இப்படி ஒரு கடன்? 2008-ல் ஓட்டுக் கேட்டபோது வரி விகிதம் ஏறாது என்று வாக்குக் கொடுத்துவிட்டார்கள். ஏறாமல் கட்டடமும் வேண்டும் என்றால், கட்டுகிற வேலையை இன்னும் ஓட்டுரிமை வராத பிள்ளைகள் தலையில் தள்ளுவதுதான் வழி. கடன் கொடுத்தவனைத் திட்டி என்ன பிரயோஜனம், எனக்குக் கோபம் அந்த வாக்குறுதி மேல்தான். 2012-ல் விஷயம் பத்திரிகைகளில் வந்து நாறியபிறகு, மறு வருஷமே சட்டம் போட்டார்கள்: இந்த மாதிரிக் கடன் 25 வருஷத்துக்கு மேல் போகக் கூடாது, மொத்தமாகத் திருப்பித் தருவது அசலைப் போல் நான்கு மடங்கைத் தாண்டக் கூடாது. பவேக்காரர்களுக்கு அது காலம் கடந்த உதவி.

கேள்வி: அந்தக் கடன் பணத்தில் ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பார்களா? (விழுப்புரம் வாசகி)

பதில்: கூடாது. கட்டடம், நிலம், தளவாடம், அவ்வளவுதான். 55 சதவீத ஓட்டில் வாங்கிய கடன் என்றால் வருஷா வருஷம் தணிக்கை உண்டு, ஊர்க்காரர்களைக் கொண்ட கண்காணிப்புக் குழுவும் உண்டு.

கேள்வி: வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதற்கு ஓட்டுப் போடலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

பதில்: போடலாம். அமெரிக்கக் குடியுரிமையும் வாக்காளர் பட்டியலில் பேரும் இருந்தால் போதும், வீடு யாருடையது என்று கேட்பதில்லை. விசாவில் போய் வீடு வாங்கி வரி கட்டிக்கொண்டிருக்கும் நம் பையன்களுக்குத்தான் ஓட்டு இல்லை.