ஈ-கேடெரின் ஆன்டிபாடி: பிளாட்டில் தெரிவது ஃப்ளோவில் ஏன் தெரியவில்லை?

கேள்வி: எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களின் மேற்பரப்பில், செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஈ-கேடெரின் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு ஒளிர்வை அளக்கும் முறை) பார்க்க முயல்கிறேன். எங்கள் ஆய்வகத்தில் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (செல்லைக் கரைத்து, புரதங்களை எடைவாரியாகப் பிரித்துப் பார்க்கும் முறை) வைத்திருக்கும் 'குளோன் 36' என்ற ஆன்டிபாடியையே எடுத்துக்கொண்டேன். பிளாட்டில் 120 கிலோடால்டனில் பட்டை பளிச்சென்று வருகிறது. ஃப்ளோவில், ஆன்டிபாடி போட்ட செல்களும் போடாத செல்களும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. ஒளிர்வு அதிகமான வலது ஓரத்தில் மட்டும் ஒரு சிறு மேடு. டிரிப்சின்-இடிடிஏ (புரதத்தை வெட்டும் நொதியும் கால்சியத்தைப் பிடுங்கும் பொருளும் சேர்ந்த கலவை) ஊற்றித்தான் செல்களைத் தட்டிலிருந்து பெயர்க்கிறேன். ஆன்டிபாடி கெட்டுவிட்டதா? அளவைக் கூட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூட்ட வேண்டாம். ஆன்டிபாடி கெடவுமில்லை, பிளாட்டில் வரும் பட்டையே அதற்குச் சாட்சி. அது பற்றிக்கொள்ளும் இடம் செல்லுக்கு உள்ளே இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

ஈ-கேடெரின் 882 அமினோ அமிலங்களோடு உருவாகும் புரதம். முன்பகுதி வெட்டுப்பட்டு முதிர்ந்த பிறகு, அதன் பெரும்பகுதி செல்லுக்கு வெளியே நீண்டு நிற்கும். சவ்வை ஒரே ஒரு முறை கடக்கும். கடைசி 150 அமினோ அமிலங்கள் மட்டும் செல்லின் உட்பகுதியான சைட்டோபிளாசத்தில், பீட்டா-கேடெனின் என்ற புரதத்தைப் பிடித்தபடி இருக்கும். குளோன் 36 அடையாளம் காண்பது இந்த உள்வாலை. பிளாட்டுக்காக எஸ்டிஎஸ் என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துக் கொதிக்கவைக்கும்போது சவ்வே கரைந்துபோகிறது. உள்ளே, வெளியே என்ற பேச்சுக்கே இடமில்லை. உயிருள்ள செல்லில் சவ்வு முழுசாக இருக்கிறது. 150 கிலோடால்டன் எடையுள்ள ஆன்டிபாடி அதைத் தாண்டி உள்ளே போகாது.

அந்த வலது ஓரத்து மேட்டைக் கவனமாகப் பாருங்கள். பெரும்பாலும் அவை இறந்த செல்கள். சவ்வு கிழிந்துவிட்டதால் ஆன்டிபாடி உள்ளே நுழைந்து வாலைப் பிடித்திருக்கிறது. அடுத்த முறை, சவ்வு கிழிந்த செல்களில் மட்டும் ஏறும் சாயமான 7-ஏஏடி சேர்த்து ஓட்டுங்கள். மேட்டில் உள்ளவை எல்லாம் 7-ஏஏடி ஏறிய செல்களாக இருந்தால் சந்தேகம் தீர்ந்தது. இதைச் சோதிக்காமல், மேட்டுக்குக் கேட் போட்டு (அதை மட்டும் எல்லைகட்டி எண்ணி) 'இத்தனை சதவீதம் பாசிட்டிவ்' என்று எழுதிவிடுவது மிக எளிது. மேற்பரப்புப் புரத ஆய்வில் நான் அதிகம் அஞ்சுவது இந்தத் தவறைத்தான். பார்க்க நல்ல தரவு போலவே இருக்கும்.

ஆகவே வெளிப்பகுதியை அடையாளம் காணும் குளோன் வேண்டும். ஹெச்இசிடி-1, 67ஏ4 இரண்டும் அப்படிப்பட்டவை. எந்த ஆன்டிபாடி வாங்கினாலும் தகவல் தாளில் முதலில் இம்யூனோஜென் வரியைப் படியுங்கள். எதைக் கொண்டு உருவாக்கினார்கள், எந்த அமினோ அமிலப் பகுதி என்று பெரும்பாலும் அங்கே இருக்கும். அதை யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளத்தில் அந்தப் புரதத்தின் டோபாலஜிப் பகுதியோடு (எது செல்லுக்கு உள்ளே, எது வெளியே என்ற விவரம்) ஒப்பிடுங்கள். 'சி-முனை' (புரதச் சங்கிலியின் கடைசி முனை) என்று கண்டதும் உள்ளே என்று முடிவுகட்ட வேண்டாம்: டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர் என்ற புரதத்தில் சி-முனைதான் வெளியே இருக்கிறது.

குளோனை மாற்றினாலும் டிரிப்சின்-இடிடிஏ உங்களைக் கைவிடும். கேடெரின் விஷயத்தில் இது முக்கியம். கால்சியம் இருக்கையில் டிரிப்சின் போட்டால் செல்களின் ஒட்டும் திறன் தங்குகிறது, கால்சியம் இல்லாமல் போட்டால் அது அழிந்துபோகிறது என்று ஜப்பானிய உயிரியலாளர் மசாதோஷி டாகெய்ச்சி 1977-லேயே காட்டினார். கேடெரின் என்ற புரதக் குடும்பத்துக்குப் பாதை திறந்ததே அந்தக் கவனிப்புதான். வெளிப்பகுதியின் துண்டுகளுக்கு இடையே கால்சியம் அமர்ந்து அவற்றை விறைப்பாக நிறுத்துகிறது. இடிடிஏ அதைப் பிடுங்கியதும் புரதம் தளர்ந்து டிரிப்சினுக்கு இரையாகிறது. நீங்கள் ஊற்றும் கலவை அளக்க வேண்டிய பொருளையே வெட்டி எறிகிறது.

டிரிப்சினை விட்டுவிட்டு இடிடிஏ மட்டும் போட்டுப் பெயர்த்தெடுங்கள். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், எம்சிஎஃப்-7 கொத்துக்கொத்தாக வரும். மெதுவாகப் பிப்பெட் செய்து 40 மைக்ரான் வடிகட்டியில் விடுங்கள். பிறகு கால்சியம் உள்ள ஹேங்க்ஸ் கரைசலில் கழுவி, அதிலேயே ஆன்டிபாடி போடுங்கள். வழக்கமான ஃப்ளோ பஃபரில் (செல்களை வைக்கும் கரைசல்) பெரும்பாலும் இடிடிஏ இருக்கும். கால்சியத்தை நம்பியிருக்கும் எபிடோப்பை (ஆன்டிபாடி பற்றும் இடத்தை) அது மறைத்துவிடலாம். கால்சியம் வந்ததும் செல்கள் மறுபடி ஒட்டப் பார்க்கும். அதனால் எல்லாவற்றையும் ஐஸ் மேலேயே வைத்துச் செய்யுங்கள். ஆன்டிபாடி பட்ட புரதம் உள்ளே இழுக்கப்படுவதையும் குளிர் தடுக்கும்.

கன்ட்ரோலுக்கு எம்டிஏ-எம்பி-231 என்ற இன்னொரு மார்பகப் புற்றுநோய் செல்களைப் பக்கத்தில் ஓட்டுங்கள். அவற்றில் ஈ-கேடெரின் இல்லை எனலாம். ஐசோடைப் கன்ட்ரோலைவிட (இந்தப் புரதத்தைப் பிடிக்காத, அதே வகை ஆன்டிபாடி போட்டுப் பார்ப்பது) இந்த ஒப்பீட்டை நான் அதிகம் நம்புவேன். அதே ஆன்டிபாடி, அதே சாயம், புரதம் மட்டும் இல்லை. ஈ-கேடெரின் மரபணுவை நீக்கிய எம்சிஎஃப்-7 கிடைத்தால் இன்னும் நல்லது.

புதிய குளோன் வந்ததும் அளவைப் பாதிபாதியாகக் குறைத்துக்கொண்டே ஏழெட்டுக் குழாய்களில் சோதியுங்கள். அதிகம் ஒளிரும் குழாயை எடுக்காதீர்கள். 231-க்கும் எம்சிஎஃப்-7-க்கும் இடைவெளி நன்றாக விரியும் அளவைத் தேர்ந்தெடுங்கள்.

பிளாட்டுக்குக் குளோன் 36 தொடரட்டும். ஆனால் அது காட்டுவது செல்லின் மொத்த ஈ-கேடெரினை. இந்தப் புரதம் மேற்பரப்பிலிருந்து உள்ளே போவதும் திரும்புவதுமாக இருப்பதால், மொத்தம் மாறாமலே மேற்பரப்பு அளவு குறையலாம். ஆய்வேட்டில் இரண்டையும் தனித்தனி அளவீடுகளாக, அந்தந்தக் குளோன் பெயரோடும் லாட் எண்ணோடும் எழுதுங்கள்.