தொடை இடுக்கு வலி: எம்ஆர்ஐ காட்டும் நான்கில் வலிப்பது எது?

கேள்வி: வயது 29. கோலாலம்பூர் செந்தூலில் வாரம் இரண்டு நாள் ஃபுட்சால் ஆடுகிறேன். ஐந்து மாதமாக வலது தொடை இடுக்கில் வலி. இடுப்பு எம்ஆர்ஐயில் கேம் வகை இம்பிஞ்மென்ட் (தொடை எலும்பிலுள்ள மேடு மூட்டுக் கிண்ணத்தில் முட்டுவது), லேப்ரம் (கிண்ணத்தின் விளிம்புக் குருத்தெலும்பு) கிழிசல், அட்டக்டர் (உள்தொடைத் தசை) தசைநாரில் பகுதிக் கிழிசல், பியூபிக் எலும்பில் (இடுப்பின் முன்பக்க எலும்பு) நீர்க்கோர்ப்பு என்று வந்திருக்கிறது. ஆர்த்ரோஸ்கோபி (சிறு துளை வழியே செய்யும் மூட்டு அறுவை) செய்யச் சொல்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். வலியே இல்லாத ஆட்டக்காரர்களை ஸ்கேன் செய்தாலும் இந்தக் கோளாறுகள் அடிக்கடி தென்படும். 2016இல் பன்னாட்டு நிபுணர்கள் சேர்ந்து வெளியிட்ட வார்விக் உடன்பாடும் வலி, மருத்துவரின் பரிசோதனை, படம் ஆகிய மூன்றும் ஒத்துப்போனால்தான் இம்பிஞ்மென்ட் நோய் என்கிறது.

ஆனாலும் இவை நான்கும் தற்செயலாக ஒன்றுசேர்ந்தவை அல்ல. தொடை எலும்பின் கழுத்தில் மேடு இருந்தால், மடக்கிய காலை உள்பக்கம் திருப்பும்போது அது கிண்ணத்தின் விளிம்பில் முட்டும். மூட்டு திரும்ப மறுக்கும் மீதியை முன்பக்கத்துப் பியூபிக் இணைப்பு (இரு பியூபிக் எலும்புகளும் சேரும் இடம்) ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அங்கேதான் வயிற்றுத் தசை மேலேயும் அட்டக்டர் லாங்கஸ் கீழேயும் இழுக்கும் பொதுவான தசைநார்த் தகடு ஒட்டியிருக்கிறது. பந்தை ஓங்கி உதைக்க உதைக்க அது எலும்பிலிருந்து மெல்லப் பெயரும். எம்ஆர்ஐயில் அந்தப் பெயர்ந்த இடம் வெள்ளைக் கோடாகத் தெரியும்.

அதனால் அறிக்கைத் தாளோடு நிறுத்தாமல் ஸ்கேன் படங்கள் அடங்கிய சிடி வட்டையும் வாங்கிக்கொள்ளுங்கள். இடுப்பு மூட்டை மட்டும் குறுக்கி எடுத்த படத்தில் பியூபிக் இணைப்பு ஓரமாகத்தான் விழும்; விழாமலும் போகலாம். அந்த இடத்துக்கென்று, இரு பக்கமும் சேர்த்து எடுத்தார்களா என்று ரேடியாலஜிஸ்டிடம் கேளுங்கள். எக்ஸ்ரேயில் டன் கோணப் படம் (இடுப்பை மடக்கி விரித்து எடுப்பது) இருந்தால் மேட்டின் அளவு தெரியும். அந்த மேட்டை அளக்கும் ஆல்ஃபா கோணம் 60 பாகையைத் தாண்டினால் பொதுவாகக் கேம் என்பார்கள்.

வலிக்கும் இடத்தை எப்படிக் காட்டுகிறீர்கள் என்பதும் முக்கியம். கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் விரித்து இடுப்பின் பக்கவாட்டைக் கவ்விப் பிடித்தால் மூட்டின் மேல் சந்தேகம் வரும். ஒற்றை விரலால் பியூபிக் எலும்பைத் தொட்டுக் காட்டினால் தசைநார் மேல். வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள்: மல்லாந்து படுத்துக் கால்களை நீட்டி, கணுக்கால்களுக்கு நடுவே பந்தை வைத்து 5 வினாடி முழு பலத்தோடு நெருக்குங்கள். பத்துக்கு 2 வரை வலி என்றால் ஆடலாம். 3 முதல் 5 வரை என்றால் ஆட்டத்தைக் குறையுங்கள். 6 அல்லது அதற்கு மேல் என்றால் நிறுத்துங்கள்.

இன்னும் தெளியவில்லை என்றால், அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தச் சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள், வழக்கமாக வலிக்கும் அசைவுகளைச் செய்து பாருங்கள். வலி போய்விட்டால் மூட்டுதான் காரணம். பியூபிக் பக்கம் மட்டும் மிஞ்சினால், ஆர்த்ரோஸ்கோபி மட்டும் செய்து பயனில்லை. மறுபக்கமும் உண்டு: மூட்டு திரும்பாமல் கிடக்க, தசைநாரை மட்டும் சரிசெய்தவர்களுக்கு ஆட்டத்துக்குத் திரும்பியதும் வலி மீண்டும் தலைகாட்டுவதுண்டு.

எப்படியிருந்தாலும் முதலில் மூன்று மாதம் ஃபிசியோ. அட்டக்டர், வயிறு, பிட்டத் தசைகளுக்கு மெல்ல மெல்லப் பளு ஏற்ற வேண்டும். பலர் தாமாகவே பட்டாம்பூச்சி ஆசனம் போட்டு இடுக்கை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். எலும்பில் ஒட்டும் இடம் புண்ணாக இருக்கும்போது அது வலியைத்தான் கூட்டும். ஆழமான ஸ்குவாட்டும், குந்தி உட்காரும் கழிப்பறையும் இப்போதைக்கு வேண்டாம்.

ராத்திரியில் விடாமல் வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, ஒற்றைக் காலில் ஊன்ற முடியாமல் போனாலோ ஃபிசியோவுக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். தொடை எலும்புக் கழுத்தில் விழும் அழுத்த முறிவும் இதே இடத்தில்தான் வலிக்கும்.